பிஞ்சுகளுக்கும் அறுவைச் சிகிச்சை: நம் கடற்கரை கடந்து வந்த பாதை

ஜூபிலி மலரில் கோயில் எழுந்த வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம்பெறுவது மரபு. அவற்றோடு நம் குழந்தைகளின் உடல்நல வரலாற்றிலிருந்தும் ஓர் ஏட்டைச் சேர்க்க விரும்புகிறோம். ஆப்பரேஷன் தேவைப்படும் குழந்தைக்கு அது எட்டிய கதையே இது.

கீழவாஞ்சூர் எல்லை ஊர் என்பதை யாவரும் அறிவோம். வடக்கே காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தெற்கே நாகூர் 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அந்நாளில் உதடு பிளந்து பிறந்த பிள்ளையைக் 'கிரகணம் தீண்டியது' என்றார்கள். பாதம் வளைந்து பிறந்தால் விதி என்றார்கள். மலவாய் அடைபட்டுப் பிறந்த சிசுவோ சில நாட்களில் கண்மூடியது. பெற்றோருக்கு அன்பு குறைவில்லை, போக இடமில்லை.

பெரிய நகரங்களிலும் நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கவில்லை. 1846இல் ஈதர் மயக்க மருந்து வந்தபின் பெரியவர்களின் அறுவைச் சிகிச்சை விரைவாக வளர்ந்தது. குழந்தைகளுக்கு அது எளிதாகவில்லை. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய கால் லிட்டர்தான். பெரியவர் தாங்கும் சிறு இரத்த இழப்பையும் அது தாங்காது. உடல் விரைவில் குளிர்ந்துவிடும். மயக்க மருந்தை எடைக்கேற்ப அளந்து கொடுக்க வேண்டும். ஆகவே குழந்தைக்கெனத் தேர்ந்த மருத்துவரும் மயக்கவியலாரும் செவிலியரும் தேவைப்பட்டனர்.

நம் நாட்டில் அந்தத் தேர்ச்சி மெல்ல வளர்ந்தது. 1948இல் டாக்டர் எஸ். டி. ஆச்சார் சென்னையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். அதுவே எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது. 1965இல் இந்தியக் குழந்தை அறுவை மருத்துவர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். கேரளத்தில் திருச்சூர் மறைமாவட்டத்தின் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் பணியேற்ற டாக்டர் அடன்வாலா, 2020இல் மறையும்வரை ஆயிரக்கணக்கான பிளவு உதட்டுக் குழந்தைகளுக்குப் புதுமுகம் தந்தார். அவர் பார்சி சமயத்தவர். பணியாற்றியதோ கத்தோலிக்க மருத்துவமனை. பிள்ளையின் வேதனைக்குமுன் சமய வேலி நிற்பதில்லை என்பதற்கு இது சான்று.

நமக்கு நெருங்கிய கதை புதுவையினுடையது. 1823இல் பிரெஞ்சுக்காரர் அங்கே ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். அதன் வழியில் வந்த கல்லூரி 1964இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்றது. நம்மவர் பெரிய ஆப்பரேஷன் என்றால் அங்கேதான் ஓடுவர். 2016இல் காரைக்காலிலும் ஜிப்மரின் கிளைக் கல்லூரி வந்தது. தஞ்சையில் 1959 முதல் மருத்துவக் கல்லூரி உண்டு. 2022இல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

ஆயினும் தூரம் முற்றும் தீரவில்லை. அவசர அறுவைச் சிகிச்சை இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று 2015இல் உலக நிபுணர் குழு கூறிற்று. நமக்குப் புதுவை நூற்று முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். உலகெங்கும் 170 கோடிக் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் அறுவைச் சிகிச்சை எட்டவில்லை என 2019இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாடுகளில் வாழ்பவர்கள்.

பணம் மற்றொரு தடை. ஆப்பரேஷன் இலவசமானாலும் பஸ் செலவும், உடனிருப்போர் சாப்பாடும், கடலுக்குப் போகாத நாட்களின் கூலியும் உண்டல்லவா? எல்லை இங்கும் குறுக்கிடுகிறது. தமிழகக் காப்பீட்டுத் திட்டம் தமிழகக் குடும்பங்களுக்கானது. நாமோ புதுவையைச் சேர்ந்தவர்கள். எனவே நம் வீட்டு அட்டை எது, எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை நோய் வருமுன்னே விசாரித்து வைப்பது நலம். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிறவிக் குறைகளைக் கண்டறிகின்றன. அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடலாகாது.

காலமும் முக்கியம். வளைந்த பாதத்தைப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டு போட்டுத் திருத்தத் தொடங்கலாம். பலருக்குப் பெரிய ஆப்பரேஷனே வேண்டியிராது. பிளந்த உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தைப்பார்கள். அண்ணப் பிளவைப் பேச்சு முதிருமுன் மூடுவார்கள். மலவாய் இல்லாத சிசுவை அன்றைக்கே கொண்டுசெல்ல வேண்டும். தொடையிடுக்கில் வீங்கும் குடலிறக்கம் தானே மறையும் என்று காத்திருக்கலாகாது.

மருத்துவம் நம் வாசலை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டது. மீதிப் பாதியை நடக்க வேண்டியவர்கள் நாம். குறையோடு பிறந்த குழந்தையை மறைக்கும் வீடு நம் பங்கில் இருக்க வேண்டாம். அண்டை வீட்டில் அத்தகைய பிள்ளை இருப்பின் தாயிடம் இதமாகப் பேசுவோம். துணைக்குச் செல்ல ஒருவர், பஸ் செலவுக்குச் சிறு தொகை, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி என ஏற்பாடு செய்வோம். ஜூபிலி ஆண்டின் நினைவாக இப்பணியை நம் அன்பியங்கள் ஏற்குமாயின், அடுத்த விழா மலரில் இந்த வரலாற்றின் மறு பகுதியை மகிழ்வோடு எழுதலாம்.