முத்து வந்த வழி

வாயிலில் வேப்பிலை தொங்கும். உள்ளே பாயில் பிள்ளை துடிக்கும். “ஆத்தா வந்திருக்கிறாள்” என்று அடங்கிய குரலில் சொல்வார்கள். மருந்து கொடுத்தால் அவள் சீறுவாளாம்! அந்த அச்சத்தால் மருத்துவரை வாசலோடு அனுப்பிய வீடுகள் எத்தனை, எத்தனை! பெரியம்மை கண்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூவர் மாண்டனர். பிழைத்தவருள் பலர் தழும்பேறிய முகத்தோடு வாழ்ந்தனர். சிலருக்குக் கண்ணொளியும் போயிற்று.

பூசாரிக்குத் துணையாக நின்றது ஓர் இடைவெளி. நோயாளியிடமிருந்து நோய் தொற்றியவனுக்குச் சுமார் பன்னிரண்டு நாள் ஒன்றும் நேர்வதில்லை. உண்பான், உழைப்பான், உறங்குவான். பிறகு திடீரெனக் கடுங்காய்ச்சல். மேலும் இரண்டு மூன்று நாளில் கொப்புளம். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இத்தனை நாள் காலியாகக் கிடந்தால், அங்கே குறிசொல்லி குடியேறாமல் இருப்பானா? “நேர்த்திக்கடனை மறந்தாய், நெருப்பாய் வந்தாள்” என்றான்.

அந்தப் பன்னிரண்டு நாளில் உடலுக்குள் நடப்பது என்ன? ஆஸ்திரேலிய அறிஞர் பிராங்க் ஃபென்னர், மெல்போர்ன் நகர ஆய்வுக்கூடத்தில், 1940களின் பிற்பகுதியில், இந்தக் கேள்வியை எலிகளிடம் கேட்டார். பெரியம்மை வைரசுக்கு உறவான எலியம்மை வைரசை எலியின் பாதத்தில் ஊசியால் செலுத்தினார். நாள்தோறும் சில எலிகளை அறுத்து, எந்த உறுப்பில் எவ்வளவு வைரசு என்று அளந்தார். முதலில் பாதத்தில் பெருகியது. அடுத்து அருகிலிருந்த நிணநீர்க் கணுவைப் பிடித்தது. குருதியில் இறங்கிக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் பல்கியது. மீண்டும் குருதியில் பாய்ந்து தோலை அடைந்தது. கொப்புளம் அதற்குப் பின்னர்தான்! 1948-இல் வெளியான அந்த ஆய்வு, மனிதருக்கு வரும் அம்மை நோய்களின் போக்குக்கும் விளக்கமாயிற்று.

வைரசு தானே பெருகும் ஆற்றலற்றது. உயிரணுவுக்குள் நுழைந்து, அதன் பொருளையும் கருவியையும் கொண்டே தன் படிகளைச் செய்வித்துக்கொள்கிறது. உழைப்பு ஒருவருடையது, பெருக்கம் வேறொருவருடையது. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்லவே!

அமைதியாகக் கழிந்த அந்த நாட்களே மனிதனுக்கு வாய்ப்பும் ஆயின. தொற்றிய மூன்று நான்கு நாளுக்குள் அம்மை குத்திக்கொண்டால் பெரும்பாலும் நோயைத் தடுக்கலாம், அல்லது தணிக்கலாம். நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சூழ்ந்தவர்களுக்கெல்லாம் அம்மை குத்தினார்கள். இந்தியாவில் 1975-இல் பெரியம்மை நின்றது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் காணப்பட்டார்.

1980 மே 8 அன்று ஜெனீவாவில், உலக நலவாழ்வுப் பேரவையின் முன் எழுந்து, பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தவர் யார்? அதைச் சான்றளித்த குழுவின் தலைவர். எலியின் பாதத்தில் ஊசி குத்திய அதே ஃபென்னர்!