கூலி வாங்காத கைகள் கட்டிய ஏரிக்கரை வீடுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

பின்லாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் சில படங்கள் அனுப்பினான். ஏரிக்கரை, பைன் மரங்கள், பாதி எழும்பிய ஒரு மரவீடு, அதன் சுவர்மேல் ஏழெட்டுப் பேர். "சார், இவங்கள்ல யாரும் ஆசாரி இல்லை. ஒருத்தர் பேங்க்ல இருக்கார், ஒருத்தங்க நர்ஸ். எல்லாரும் வீட்டுக்காரரோட அக்கா, மச்சான், சித்தப்பா பசங்க. நானும் ஒரு நாள் போய்க் கட்டை தூக்கினேன். கூலி உண்டான்னு கேட்டா சிரிக்கிறாங்க. இது எப்ப இருந்து சார் இப்படி?" என்று கேட்டிருந்தான். வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காத பையன். நாற்பது வயதுக்கு மேல் கேட்டிருக்கிறான். சரித்திர வாத்தியார் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

முதலில் நாட்டைப் பற்றி இரண்டு வரி. பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். நம் சென்னையைவிடக் குறைவு. ஆனால் 500 சதுர மீட்டருக்குக் குறையாத ஏரி குளங்கள் மட்டும் அங்கே சுமார் 1,88,000 இருக்கின்றன. கோடையில் போய்த் தங்கும் சிறு வீடுகள் சுமார் 5 லட்சம். ஏறத்தாழ 11 பேருக்கு ஒரு வீடு. இதை அவர்கள் "மொக்கி" என்கிறார்கள். சின்னக் குடிசை என்றுதான் அர்த்தம். பெரும் பணக்காரர்களின் ஓய்வு மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் ஓட்டுநருக்கும் இருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் இருக்கும்.

கூடி வேலை செய்வதற்கு அங்கே "தல்கோத்" என்று பெயர். அண்டை நாடான எஸ்தோனியாவில் "தல்குத்", லித்துவேனியாவில் "தல்கா" என்று ஏறக்குறைய இதே சொல் வழங்குகிறது. விதி எளிது. வேலைக்கு வருபவருக்குக் கூலி கிடையாது. கூப்பிட்டவர் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். நாளைக்கு வந்தவர் வீட்டில் வேலை வந்தால், இன்று கூப்பிட்டவர் கட்டாயம் போக வேண்டும். எழுதி வைத்த கணக்கு ஏதும் இல்லை. ஆனால் யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

இந்தப் பழக்கம் பெருந்தன்மையால் மட்டும் வந்ததில்லை. அந்த நாட்டின் பருவமே அதற்குக் காரணம். கோடை என்பது இரண்டு மூன்று மாதம். அதற்குள் வைக்கோல் அறுத்து உலர்த்த வேண்டும், பயிர் அறுக்க வேண்டும், கூரை போட வேண்டும். ஒரு குடும்பத்தில் வேலைக்கு ஆகும் ஆள் மூன்று நான்கு பேர். சுவருக்கு வைக்கும் ஒரு பைன் கட்டையைத் தூக்கவே நான்கு பேர் வேண்டும். தனியாக இருந்தால் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

பழைய முறையில் மரவீடு கட்டுவது எப்படி என்று பாருங்கள். மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டுவார்கள். பனி மூடிய தரையிலும் உறைந்த ஏரியிலும் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் இழுத்து வருவது சுலபம். பிறகு பட்டையைச் சீவி, அடுக்கி உலர விடுவார்கள். மூலைக்கு ஒரு கல் வைத்து அதன்மேல் முதல் வரிசைக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையின் அடிப்பக்கத்திலும் நீளமாக ஒரு பள்ளம் செதுக்கி, கீழ்க்கட்டையின் முதுகில் சரியாக உட்காரும்படி வைப்பார்கள். இடையில் பாசியைத் திணிப்பார்கள். குளிர்காற்று நுழையாமல் தடுப்பது அந்தப் பாசிதான். மூலையில் இரண்டு கட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி வெட்டுவதுதான் இதில் நுணுக்கமான வேலை. அதற்குக் கைதேர்ந்த ஒரு தச்சர் வேண்டும். பட்டை சீவ, பாசி பொறுக்க, கட்டை சுமக்க, கஞ்சி காய்ச்ச யார் வேண்டுமானாலும் வரலாம். சிறு பிள்ளைகளுக்குக்கூட வேலை உண்டு.

கட்டி முடித்த பிறகும் அந்தச் சுவர் சும்மா இருக்காது. மரம் உலர உலர, ஒரு மீட்டர் உயரத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கீழே இறங்கும். அதனால் கதவு, ஜன்னல் சட்டத்துக்கு மேலே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு வைப்பார்கள். விடாவிட்டால் ஓரிரு வருடத்தில் ஜன்னல் நசுங்கிவிடும்.

கூரைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை, மெல்லிய மரச் சீவல்களை வரிசை வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று படிய ஆணியடித்து மூடும் கூரை அங்கே பரவலாக இருந்தது. ஒரு கூரைக்கு ஆயிரக்கணக்கான சீவல்கள். மழை வருவதற்குள் மூட வேண்டும். அதனால் சொந்தபந்தம், பக்கத்து வீடு எல்லாரையும் கூப்பிட்டுச் சீக்கிரமாக முடித்துவிடுவார்கள். உத்தரம் ஏறியதும் வேலை செய்தவர்களுக்கு விருந்து வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது நம்மில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். கீற்று வேய்ந்த நாள். பழைய கீற்றைப் பிரித்துப் போட்டால் வீட்டுக்குள் வெயில் கொட்டும். மாமாக்கள் மேலே உட்கார்ந்து வரிச்சில் கீற்றை வைத்துக் கட்டுவார்கள், பையன்கள் கீழிருந்து எடுத்துக் கொடுப்போம், அத்தைமார் கல் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். அந்த நாளில் யாரும் யாருக்கும் கூலி கொடுத்து நான் பார்த்ததில்லை. பின்லாந்தும் நம் ஊரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ளவில்லை. கூரையைத் தனி ஆள் போட முடியாது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இனி வரலாற்றின் கனமான பகுதி. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. 1940 மார்ச்சில் சமாதானம் ஆனபோது கரேலியா என்ற கிழக்குப் பகுதியில் பெரும்பங்கு கைவிட்டுப் போனது. லடோகா என்ற மாபெரும் ஏரியின் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மேற்கே நடந்தார்கள். மறுபடி போர் மூண்டு, 1941இல் அந்த நிலம் திரும்பக் கிடைத்தது. பலர் திரும்பிப் போய் எரிந்த வீட்டைப் புதிதாகக் கட்டினார்கள். 1944இல் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஐந்தே ஆண்டில் ஒரே வீட்டை இரண்டு முறை இழந்தவர்கள் அவர்கள். மொத்தம் 4 லட்சம் பேருக்கு மேல். அப்போது நாட்டின் மக்கள்தொகையே 40 லட்சத்துக்குக் கீழே.

1945இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. அரசு, நிறுவனங்கள், பெரிய பண்ணைகள் ஆகியவற்றிடமிருந்து நிலம் எடுத்து இடம்பெயர்ந்தவர்களுக்கும் போர்வீரர்களுக்கும் கொடுத்தார்கள். கொடுத்த எல்லாரும் சிரித்த முகத்தோடு கொடுக்கவில்லை. பேச்சுவழக்கு வேறு, சிலருக்கு வழிபாட்டு முறையும் வேறு என்பதால் வந்தவர்கள் ஏளனத்துக்கும் ஆளானார்கள். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒரே ஊர்க்காரர்களைக் கூடியவரை ஒரே பகுதியில் குடியேற்றினார்கள். அதனால் கூப்பிட்டால் வர உறவு பக்கத்தில் இருந்தது.

கட்டுமானப் பொருளுக்குத் தட்டுப்பாடு. அரசு கொடுத்ததில் முக்கியமானது மாதிரி வரைபடம். ஒன்றரை மாடி, நடுவில் ஒரே புகைபோக்கி, செங்குத்தான கூரை, சுவருக்குள் மரத்தூள் அடைப்பு. "போர்முனை வீரர் வீடு" என்று இன்றும் அதற்குப் பெயர். பலரும் முதலில் கட்டியது சவுனா என்ற நீராவிக் குளியல் அறையை. சின்ன இடம், அடுப்பு உண்டு, சீக்கிரம் முடியும். பெரிய வீடு எழும்பும்வரை குடும்பமே அதற்குள் தங்கியது. அந்த மக்களுக்குச் சவுனா வெறும் குளியல் அறை இல்லை. பழைய காலத்தில் பிரசவம் நடந்ததும் அங்கேதான், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ சவுனாப் பண்பாட்டை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஏரிக்கரை வீடுகள் பெருகியது இதற்குப் பிறகு. 1950களுக்குப் பின் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் நகரம் போனார்கள். 1960களின் பிற்பகுதியில் வாரம் ஐந்து நாள் வேலை வந்தது. 1971இல் பள்ளிகளுக்கும் சனிக்கிழமை விடுமுறை ஆனது. கிராமத்தில் அப்பாவின் பண்ணை இருந்தது. ஏரியை ஒட்டிய பாறை நிலம் உழவுக்கு ஆகாது. அதில் ஒரு துண்டை மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தார்கள். ஒரு காலத்தில் மதிப்பில்லாத அந்தத் துண்டு நிலம்தான் இன்று விலை உயர்ந்தது! 1970இல் 2 லட்சத்துக்கும் குறைவாக இருந்த கோடை வீடுகள் இன்று 5 லட்சம்.

கட்டியவர்கள் யார்? 1940களில் இருபத்தைந்து வயதில் வாளும் சுத்தியலும் பிடித்த அதே தலைமுறை. பெரியவர்கள் சொல்லிக் கொடுக்க, பிள்ளைகளும் மருமக்களும் விடுமுறையில் வந்து கட்டினார்கள். இடிக்கும் வீட்டிலிருந்து ஜன்னல் வந்தது. பண்ணையில் சும்மா கிடந்த பழைய தானியக் களஞ்சியத்தின் கட்டைகளுக்கு எண் போட்டுப் பிரித்து, ஏரிக்கரையில் அதே வரிசையில் திரும்ப அடுக்கியவர்களும் உண்டு. மரவீட்டில் அது முடியும். பல இடத்தில் மின்சாரம் இல்லை, தண்ணீர் ஏரியிலிருந்து வாளியில்.

கடைசியில் எல்லாக் குடும்பத்துக்கும் வரும் கேள்வி அங்கேயும் வந்தது. கட்டிய தாத்தா போன பின் வீடு யாருக்கு? பாகம் பிரிக்காதவரை வாரிசுகள் எல்லாருக்கும் பொது. பெரிய முடிவுக்கு எல்லாரும் சம்மதிக்க வேண்டும். பாகம் கேட்க ஒருவருக்கும் உரிமை உண்டு. யார் எந்த வாரம் தங்குவது, கூரைக்கு யார் செலவு செய்வது என்று அக்கா தம்பி பேச்சு நின்ற குடும்பங்களும் உண்டு. தல்கோத் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். என் மாணவன் போன குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். வசந்தத்தில் ஒரு வார இறுதி எல்லாரும் வர வேண்டும். படகைக் கவிழ்த்துத் தார் பூசுவது, விறகு பிளப்பது, படித்துறையை ஏரியில் இறக்குவது. பணம் அனுப்பிவிட்டு வராமல் இருக்க அனுமதி இல்லை. அந்த இரண்டு நாளில்தான் பழைய மனத்தாங்கல்கூடப் பேசித் தீர்கிறது என்று அந்த வீட்டுக்காரர் சொன்னாராம்.

இங்கே உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வீட்டு ஓடு பிரித்து மேய வேண்டும் என்று குடும்பக் குழுவில் பேசி ஆறு மாதம் ஆகிறது. எல்லாரும் "என் பங்கை அனுப்பிவிடுகிறேன்" என்கிறீர்கள். மனசுக்கு நன்றி. தச்சருக்கும் ஓட்டுக்கும் பணம் வேண்டும்தான், அனுப்புங்கள். கூடவே பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் ஆளாகவும் வாருங்கள். மேலே ஏறத் தெரிந்தவர்கள் ஏறட்டும், மற்றவர்கள் கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுக்கலாம், உடையாத பழைய ஓட்டைக் கழுவி அடுக்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அந்த வீட்டின் உத்தரம் எது, வரிச்சு எது என்று நம் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது.

எந்தச் சனி, ஞாயிறு வசதி என்று கீழே எழுதுங்கள். சாப்பாடு என் பொறுப்பு.

மாணவர்களே, உங்கள் வீட்டில் கூரை வேய்ந்த நாள் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.