குடும்ப வலியும் ஊர்க் கிணறும்

தாய்க்கு உடம்பெல்லாம் வலி, மகளுக்கும் அதே வலி, மகனுக்குத் தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரிவதில்லை. இப்படியொரு குடும்பத்தைப் பார்த்தால் ‘அவர்கள் பரம்பரை உடம்புவாகு அப்படி’ என்று உறவினர் சொல்வார்கள். மருத்துவம் இதை ஃபைப்ரோமயால்ஜியா என்றும் நாட்பட்ட சோர்வு நோய் என்றும் அழைக்கிறது. எப்படி அழைத்தாலும், ஒரே வீட்டில் பலருக்கு வலி கண்டால் முதலில் இரத்த உறவைச் சந்தேகிப்பது வரிசை தவறிய விசாரணை. சென்னையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையின் இரு பக்கத்து வரலாறும் அதைத்தான் காட்டுகிறது. அந்தச் சாலையில் மேற்கே போனால் கிருஷ்ணகிரி, அதை ஒட்டித் தருமபுரி. கிழக்கே சென்னைக்குள் வந்தால் கிண்டியில், 1899-ல் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்.

1937-ல் அந்த நிறுவனத்தின் இயக்குநர் எச்.இ. ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி மூவரும், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே குழந்தைப் பருவத்திலேயே பல்லில் பழுப்புக் கறை, வளர்ந்தபின் கை கால் மதமதப்பு, இடுப்புப் பிடிப்பு, பிறகு முதுகெலும்பே விறைத்துக் குனிய முடியாத நிலை. அப்பனுக்கு வந்தது மகனுக்கும் வருவதைப் பார்த்தால் வம்ச நோய் என்றே தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் கைகாட்டியது கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த ஃபுளோரைடை. வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகளும் அந்தத் தண்ணீரைப் பல வருஷம் குடித்து, அதிலேயே சோறு பொங்கிச் சாப்பிட்டால் அவளுக்கும் அதே வலி வரும். வம்சம் என்ற விளக்கம் அங்கேயே உடைந்துபோகிறது. கருங்கல் பாறையிலிருந்து ஃபுளோரைடு நீரில் கசிவதுதான் தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் தொல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் பல ஊர்கள் அந்த வரம்பைத் தாண்டிய நீரைத்தான் குடித்தன. ஜப்பானியக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம், காவிரி நீரை அங்கே கொண்டுபோனதற்கு இந்த நோயும் ஒரு காரணம். நெல்லூர் ஆய்வுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே 76 ஆண்டுகள்! எலும்பில் ஏறிய விறைப்பை எந்த நல்ல தண்ணீரும் இறக்காது என்பதையும் சேர்த்துத்தான் இந்தத் தாமதத்தை எடைபோட வேண்டும்.

ஃபுளோரைடு நோய் எக்ஸ்ரேயில் தெரியும், ஃபைப்ரோமயால்ஜியா தெரியாதே, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் ஃபுளோரைடு நோயிலும் எலும்பு மாற்றம் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே வலி வந்துவிடுகிறது. அந்தக் காலகட்டத்தில் அந்த நோயாளியும் ‘பரிசோதனையில் ஒன்றுமில்லாதவர்’தான். இதைவிடக் கனமான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. 2004-ல் வந்த ஆய்வொன்று, ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் நெருங்கிய உறவினருக்கும் அது வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றது. 2011-ல் யூட்டா மாநில வம்சாவளிப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், சோர்வு நோய் தூரத்துச் சொந்தங்களிடமும் கூடுதலாகத் தெரிந்தது. தூரத்துச் சொந்தங்கள் ஒரே பானையில் சாப்பிடுவதில்லை. ஆகவே பரம்பரைக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் வழக்கு வரிசையைப் பற்றியது. கிணறு குற்றவாளி என்றால் மாற்றலாம், பரம்பரையை மாற்ற முடியாது. மாற்ற முடிந்ததை முதலில் சோதிக்காமல் விட்டால் இழப்பு நோயாளிக்குத்தான். இன்னொரு குறுக்குவழி, மனத்தின் மேல் பழிபோடுவது. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்கள் ஏறத்தாழ 300 பேரைச் சாய்த்த நோயை, 1970-ல் இரு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளை மட்டும் புரட்டிவிட்டுக் கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயாளிகளை நேரில் பார்க்காமலே.

அதே நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டைக்கு 1996-ல் ஹூண்டாய் கார் ஆலை வந்தது, 1998-ல் அதன் சான்ட்ரோ கார் ஓடியது. ஒரகடம் வரை ஆலைகள் பரவின. இங்கே ஒரு வீட்டார் பகிர்ந்துகொள்வது தண்ணீரை மட்டுமல்ல. கணவன் ஒரு ஆலையில் இரவு ஷிப்ட், மனைவி இன்னொன்றில் பகல் ஷிப்ட் என்றால், நின்றே செய்யும் வேலையும் உடைந்த தூக்கமும் இருவருக்கும் பொது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் பின்னர் விரிந்து 29 ஆனது. ஈய நஞ்சு, சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாம் அதில் இருந்தன. முதுகுவலியும் தசைவலியும் இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாத வலியை யாரும் எண்ணுவதில்லை, எண்ணாத வலி மறுபடி ‘உடம்புவாகு’ ஆகிவிடுகிறது. அதை எண்ண ஒரு வழி உண்டு. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு, தொழிலாளியோடு அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் மருத்துவம் தருகிறது. கான்ட்ராக்ட் தொழிலாளி இங்கே வாடகை அறையிலும் குடும்பம் சொந்த ஊரிலுமாக இருந்தாலும், இரு தரப்புக்கும் காப்பீட்டு எண் ஒன்றுதான். வீட்டில் யார் யாருக்கு வலி, யார் எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரம் நிற்கிறார், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்று ஒரே தாளில் எழுதிவைக்க ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களால் முடியும்.