பாய்மரப் படகின் மேல்தளத்தில் துளையும் கசிவும்: ஒரு தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

பாய்மரப் படகின் மேல்தளத்தில் கப்பிகளும், கயிறு இழுக்கும் உருளைகளும், கயிறு கட்டும் கொண்டிகளும் பொருத்தப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் தளத்தைத் துளைத்தே நிறுத்தப்படுவதால், ஒவ்வொரு துளையும் நீர் புகும் வாயிலாக மாறக்கூடும். இத்தகைய கசிவைப் பூசப்பட்ட பசையின் குறையாகக் கருதுவது பொதுவழக்கு. கட்டுமானப் பொருள் மாறிய பின்னரும் பிணைப்பு முறை மாறாது நீடித்தமையே இச்சிக்கலின் வேர் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அலாரம் கப்பல் தரும் முற்சான்று

பொருள் மாற்றத்திற்கும் பிணைப்பிற்கும் இடையிலான முரண் படகுத்தளத்தில் முதன்முதலாகத் தோன்றியதன்று. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவைத் தடுக்கும் பொருட்டு, பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலாரம் என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் போர்த்தியது. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்ட அக்கப்பலை 1763இல் ஆய்ந்தபோது, புழு தடுக்கப்பட்டிருந்தது. ஆனால் இரும்பாணிகள் பெரிதும் அரிக்கப்பட்டிருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் அகற்றப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் இடையே தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் பழுதின்றி இருந்தன. உப்பு நீரில் இவ்விரு உலோகங்களும் தொட்டு நிற்கும்போது நிகழும் மின்வேதி வினையே அரிப்புக்குக் காரணமாகும். தாளையும் பூச்சையும் இடையே வைத்துப் பார்த்த முயற்சிகள் போதாமற்போக, 1780களில் நீர்மட்டத்திற்குக் கீழுள்ள இரும்பாணிகளுக்கு மாற்றாகச் செப்புக்கலவை ஆணிகள் வழக்கிற்கு வந்தன. போர்வை மாறியதால் ஆணியும் மாற வேண்டியதாயிற்று.

மரத்தளத்தின் இயல்பு

மரத்தளத்தில் பலகைகளின் இடைவெளிகளில் பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரை அடித்துச் செருகி, மேலே கீல் ஊற்றுவர். தமிழில் இத்தொழில் கலப்பற்று எனப்படும். தளத்தில் பொருத்தும் உலோகக் கருவிகளின் அடியில் ஈயச் சேர்மமும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த மசியல் இடப்பட்டது. நீரில் நனைந்த மரம் உப்பி, சிறு இடைவெளிகளைத் தானே இறுக்கிக்கொள்ளும். மீறிப் புகும் நீர் பெரும்பாலும் கீழறையில் சொட்டித் தன்னை அறிவித்துவிடும்.

கண்ணாடி இழைத் தளத்தில் நேர்ந்த முரண்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழையும் பிசினும் படகுக் கட்டுமானத்தில் பரவின. கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்து, 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 28 அடி நீளமுள்ள டிரைட்டன், இப்பரவலின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. இவ்வகைப் படகுகள் பலவற்றின் தளம், இரு கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே மென்மையான பால்சா மரத்தை வைத்து அமைக்கப்பட்டது. அத்தளம் எடை குறைந்தது, விறைப்பு மிக்கது.

எனினும், துளையிட்டு, பசை பூசி, திருகாணியை முடுக்கும் மரத்தள வழக்கமே இங்கும் தொடர்ந்தது. முடுக்கும்போது நடுவிலுள்ள மென்மரம் நசுங்கியது. பாயின் இழுவிசையால் கருவி அசைந்து பசையின் பிடி தளர்ந்தது. புகுந்த நீர் கீழே சொட்டாமல் நடுமரத்தில் ஊறியது. மரம் உளுத்துத் தோல்கள் பிரிந்து, மிதித்தால் தளம் அமுங்கும் நிலை வந்த பின்னரே பழுது புலப்பட்டது.

பிணைப்பு முறையின் மாற்றம்

இதற்குத் தீர்வாக அமைந்தது பசையின் வலிமை அன்று, துளையின் அமைப்பே. தேவையைவிடப் பெரிய துளையிட்டு, சுற்றியுள்ள நடுமரத்தைச் சுரண்டி நீக்கி, அவ்விடத்தைக் கெட்டியாக்கிய எப்பாக்சிப் பிசினால் நிரப்புவர். அது இறுகிய பின் அதன் நடுவே ஆணிக்குரிய துளையை மீண்டும் இடுவர். துளையின் மேல்விளிம்பைச் சரித்துச் செதுக்குவதால், முடுக்கும்போது பசை முழுதும் பிதுங்கி வெளியேறாமல் ஆணியைச் சுற்றி வளையமாகத் தங்கும். அடியில் இடும் அகன்ற தகடு விசையைப் பரப்பும். மிச்சிகனைச் சேர்ந்த கூஜன் சகோதரர்களின் படகுக் கட்டுமான நூல் (1979), மரவேலையில் எப்பாக்சியைக் கையாளும் முறைகளை விரிவாக விளக்கிய நூல்களுள் ஒன்றாகும்.

முடிவுரை

இம்முறையில் பசை என்றேனும் தளர்ந்தாலும் நீர் நடுமரத்தை எட்டாது; ஆணி வழியே கீழறையில் சொட்டும். கசிவு முற்றிலும் ஒழிவதில்லை. மரத்தளத்தில் இருந்ததுபோல் கண்ணுக்குப் புலப்படுவதாகிறது. அலாரம் கப்பலும் கண்ணாடி இழைத் தளமும் ஒன்றையே உணர்த்துகின்றன: புதிய பொருளை ஏற்கும் தொழில்நுட்பம், அப்பொருளை ஊடுருவும் ஆணியையும் அதன் துளையையும் மீளச் சிந்திக்கும்வரை முழுமை பெறுவதில்லை.