ஸ்பிரே (பாய்மரப் படகு)

ஸ்பிரே என்பது கப்பல் தலைவர் ஜோசுவா ஸ்லோக்கம் தம் கைகளாலேயே மீளக் கட்டிய ஒரு மரப் பாய்மரப் படகு ஆகும். இப்படகில் அவர் 1895 முதல் 1898 வரை தனியாளாக உலகைச் சுற்றி வந்தார். துணைக்கு எவருமின்றி ஒருவர் பாய்மரக் கலத்தில் உலகைச் சுற்றியது வரலாற்றில் இதுவே முதன்முறை. அப்பயணத்தைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. படகு நீரில் இறங்கும் முன் கரையில் நடந்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனினும் பயணம் கைகூடியதில் அவ்வேலைக்குப் பெரும்பங்கு உண்டு.

பின்னணி

ஸ்லோக்கம் 1844 இல் கனடாவின் நோவா ஸ்கோசியாவில் பிறந்து, பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். பெரிய பாய்க்கப்பல்களின் தலைவராகப் பணியாற்றினார். 1887 இன் இறுதியில் அவருடைய அக்விட்னெக் என்ற கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டி அழிந்தது. குடும்பத்துடன் அங்கேயே சிக்கிக்கொண்ட அவர், மனைவி, மக்களின் உதவியுடன் 35 அடி நீளப் படகொன்றைக் கட்டி அதிலேயே அமெரிக்கா திரும்பினார். பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1888 மே 13 அன்று அப்படகு நீரில் இறக்கப்பட்டதால், விடுதலை எனப் பொருள்படும் லிபர்டாட் என்ற போர்த்துக்கேயப் பெயர் அதற்கு இடப்பட்டது. ஆகவே ஸ்பிரேயில் கைவைத்தபோது ஸ்லோக்கம் படகு கட்டுவதற்குப் புதியவர் அல்லர்.

நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட அக்காலத்தில் பாய்க்கப்பல் தலைவர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாகியிருந்தது. 1892 குளிர்காலத்தில், திமிங்கில வேட்டைக் கப்பல்களின் முன்னாள் தலைவரான எபென் பியர்ஸ் என்ற நண்பர், சில பழுதுபார்ப்புகள் மட்டும் தேவைப்படும் கப்பல் ஒன்று இருப்பதாகக் கூறி அதை ஸ்லோக்கத்துக்கு அளிக்க முன்வந்தார். மாசசூசெட்சு மாநிலத்தின் ஃபேர்ஹேவன் ஊருக்குச் சென்று பார்த்தபோது, கடலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வயலில், முட்டுக்கொடுத்து நிறுத்திய, கித்தான் போர்த்திய மிகப் பழைய சிப்பிப் படகு ஒன்றே அங்கிருந்தது. நண்பரின் சொல்லில் நகைச்சுவை கலந்திருந்தது அப்போதுதான் புரிந்தது. ஊரார் படகை உடைக்கத்தான் ஆள் வந்திருப்பதாக எண்ணினர். மீளக் கட்டப்போவதாகச் சொன்னதும், இதனால் வருமானம் வருமா என்பதே பலரின் கேள்வியாக இருந்தது.

உடலமைப்பு

அருகில் வளர்ந்த வெள்ளை ஓக் மரமொன்றை வெட்டி, ஏரா எனப்படும் அடிமரத்தைச் செதுக்குவதில் வேலை தொடங்கியது. விலா மரங்களான வங்குகளுக்கு நேரான இளமரங்கள் பயன்பட்டன. ஓக் மரத்தைச் சூடான நீராவியில் வைத்தால் அதன் இழைகள் சிறிது நேரம் இளகும். அந்த இடைவெளிக்குள் வளைத்துக் கட்டிவிட்டால், ஆறியபின் வளைவு நிலைத்துவிடும். ஸ்லோக்கம் ஒரு பானையையே கொதிகலனாக்கி, மரப்பெட்டிக்குள் நீராவியைச் செலுத்தி, வங்குகளை ஒரு மரக்கட்டையின் மேல் வளைத்தெடுத்தார். படகு கட்டுவோர் பொதுவாக ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் நீராவி என்று கணக்கு வைப்பர்.

அணியத்தின் நிமிர்மரமும் உறுதியான ஓக்கே. பின்னாளில் கீலிங் தீவுகளில் பவளப் பாறைத் திட்டு ஒன்றை அது இரண்டாகப் பிளந்தும் சிறு வடுக்கூட ஏற்படவில்லை என்று ஸ்லோக்கம் எழுதியுள்ளார். அணியத்தின் உட்புறம் இருபக்கங்களையும் பிணைக்கும் வளைமரங்கள் பொருத்தப்பட்டபோது, அருகிலுள்ள நியூ பெட்ஃபோர்டின் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர்கள் வந்து பார்த்தனர். கிரீன்லாந்துப் பக்கம் திமிங்கில வேட்டைக்கே அனுப்பலாம் என்று முதியவர் ஒருவர் பாராட்டினார். வேலை தெரிந்தவர்களின் சோதனையாக இதைக் கொள்ளலாம்.

மேலே அடித்த பலகைகள் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள ஜார்ஜியா பைன் மரத்தாலானவை. பலகை முனைகள் சந்திக்கும் இடங்கள் வெறும் ஆணியால் அல்லாமல், ஊடுருவிச் செல்லும் திருகாணிகளாலும் மரைகளாலும் வங்குகளோடு இறுக்கப்பட்டன. படகு முழுவதிலும் இவ்வாறு ஏறத்தாழ ஆயிரம் திருகாணிகள் இடப்பட்டன. மேல்தளம் வெள்ளைப் பைன் பலகைகளாலும், அதைத் தாங்கும் உத்திரங்கள் 6 அங்குலச் சதுர மஞ்சள் பைன் மரத்தாலும் அமைந்தன.

கலப்பற்று

பலகைகளுக்கிடையிலான சந்துகளை நாரால் அடைப்பதே கலப்பற்று எனப்படுகிறது. மரப்படகு மிதப்பதும் மூழ்குவதும் இதைப் பொறுத்தது. ஸ்பிரேயின் பலகைகள் உட்புற விளிம்பில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு நெருங்கியும், வெளிப்புறத்தில் சற்று விரிந்தும் இருக்குமாறு இழைக்கப்பட்டிருந்தன. இந்த ஆப்பு வடிவச் சந்தில் நாரை அடித்து இறுக்கலாம். அது உட்புறமாக நழுவிப் போகாது.

ஸ்லோக்கம் முதலில் பருத்தித் திரியை அடித்தார். வழியில் சென்ற பலரும் அது சந்திலிருந்து நகர்ந்து வெளிவந்துவிடும் என எச்சரித்தனர். அவரோ தொடக்கத்திலேயே திட்டமிட்டபடி, பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த தார் நாரை அதன்மேல் மற்றோர் அடுக்காக அடித்தார். பருத்தி கடைசிவரை நகரவில்லை.

இதில் அளவு முக்கியமானது. உலர்ந்த மரம் நீரில் இறங்கியதும் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் உப்பும். அப்போது சந்துகள் நெருக்கப்பட்டு நார் மேலும் இறுகும். திரியை மிகையாக அடித்திருந்தால் உப்பும் பலகைகள் வங்குகளிலிருந்து பெயரக்கூடும். குறைவாக அடித்திருந்தால் நீர் நிற்காமல் கசியும். நன்கு கட்டிய மரப்படகும் முதலில் சிறிது கசிவது இயல்பே. அதனால்தான் இன்றும் படகுத் துறைகளில், நெடுநாள் கரையில் கிடந்த மரப்படகைத் தூக்கு வார்களிலேயே தொங்கவிட்டு, பலகைகள் உப்பி அடைபடும்வரை நீரை இறைத்தபடி காத்திருக்கின்றனர்.

நீரில் இறக்குதல்

கலப்பற்று முடிந்ததும் அடிப்பகுதிக்குச் செப்புப் பூச்சு இருமுறையும், மேற்பக்கங்களுக்கு ஈய வெள்ளைப் பூச்சு இருமுறையும் பூசப்பட்டன. செப்பு அழகுக்கானதன்று. வெப்பக் கடல்களில் வாழும் கப்பற்புழு மரத்தை உள்ளிருந்தே அரித்துவிடும். செப்பின் நஞ்சு அதையும் பாசியையும் அண்டவிடாது. 1897 இல் தாஸ்மானியாவின் டெவன்போர்ட்டில் படகைக் கரையேற்றிச் சோதித்தபோது புழுவின் அடையாளமே இல்லை. இருந்தும் பவளக் கடலையும் அரபுராக் கடலையும் கடக்க வேண்டியிருந்ததால் மறுபடி செப்பு பூசப்பட்டது.

ஃபேர்ஹேவனில் கடைசியாகச் சுக்கானைப் பொருத்தி வண்ணம் பூசினர். மறுநாள் ஸ்பிரே நீரில் இறங்கியது. நியூ ஹாம்சயர் ஸ்புரூஸ் மரம் பாய்மரமாக நிறுத்தப்பட்டது. அடிமரத்தில் இரும்போ ஈயமோ பொருத்தப்படவில்லை. நிலைப்புச் சுமையாகச் சிமெந்தே உள்ளே இட்டு, நகராதபடி முட்டுக்கொடுக்கப்பட்டது.

படகின் முழு நீளம் 36 அடி 9 அங்குலம் (11.2 மீட்டர்), அகலம் 14 அடி 2 அங்குலம் (4.3 மீட்டர்). பொருட்செலவு 553.62 டாலர், சொந்த உழைப்பு 13 மாதங்கள். இடையிடையே துறைமுகத்தில் கப்பல் வேலைக்குச் சென்றதால் ஃபேர்ஹேவனில் தங்கியது அதைவிடச் சில மாதங்கள் கூடுதல்.

பழைய படகா, புதிய படகா?

ஏரா முதல் மேல்தளம் வரை மாற்றப்பட்டபின் அதைப் பழைய ஸ்பிரே என அழைக்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. பழையது எந்தக் கட்டத்தில் முடிந்து புதியது எங்கே தொடங்கியது எனச் சொல்ல முடியாதவாறு மாற்றம் படிப்படியாக நிகழ்ந்ததாக ஸ்லோக்கம் குறிப்பிடுகிறார். சிறிது சிறிதாகப் பழுதுபார்த்து முற்றிலும் புதிதாகிவிட்ட கப்பலும் அதே கப்பலே என்ற லாயிட்ஸ் நிறுவன விதியையும் அவர் துணைக்கு அழைக்கிறார்.

பயணமும் பிற்காலமும்

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனில் தொடங்கிய பயணம், ஏறத்தாழ 46,000 மைல்களைக் கடந்து, 1898 சூன் 27 அன்று ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட்டில் முடிந்தது. வழியில் பாய்மரம் குறுக்கப்பட்டு, பின்புறம் சிறு பாய்மரமொன்று சேர்க்கப்பட்டது. சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தானே நேர்வழியில் சென்றது அதன் சிறப்பு. வியாழன் தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரையிலான 23 நாட்களில் ஸ்லோக்கம் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவே. 1898 சூலையில் ஃபேர்ஹேவனுக்குத் திரும்பி, நீரில் இறக்கிய நாளில் படகைக் கட்டிவைக்கக் கரையில் அடித்த அதே மரமுளையில் அதைக் கட்டினார். அவருடைய பயண நூல் 1900 இல் வெளியானது.

ஸ்பிரேயின் மாதிரியில் பலர் படகு கட்டியுள்ளனர். ஆனால் அகன்ற அடிப்பகுதி படகை எளிதில் சாயவிடாது என்றாலும், அடிமரத்தில் சுமை இல்லாததால் முற்றாகக் கவிழ்ந்தால் அது நிமிர வாய்ப்பில்லை. ஸ்லோக்கத்தின் அனுபவம் இல்லாதவர்களுக்கு ஆழ்கடலில் இது உகந்ததன்று எனப் படகு வடிவமைப்பாளர் ஜான் ஹன்னா எச்சரித்தார்.

1909 நவம்பரில் ஸ்லோக்கம், மாசசூசெட்சின் வைன்யார்ட் ஹேவனிலிருந்து தெற்கு நோக்கி ஸ்பிரேயில் தனியே புறப்பட்டார். அதன்பின் அவரும் படகும் எவர் கண்ணிலும் படவில்லை. 1924 இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.