பொதுக் கல்விப் பாடங்கள் (மலேசியா)
மலேசியாவில் இளநிலைப் பட்டம் பெற, துறைப் பாடங்களோடு கட்டாயமாகத் தேற வேண்டிய பாடங்கள். மலாய்ப் பெயரின் சுருக்கம் எம்பியூ. பழைய கட்டாயப் பாடங்களுக்கு மாற்றாக 2013இல் நடப்புக்கு வந்தன. நான்கு பிரிவுகள் கொண்டவை. நான்காவது, சமூகப் பணியும் புறப்பாடமும்.

அதிகம் பேசப்பட்டது முதற்பிரிவே. அதிலிருந்த இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடத்தில் இந்திய நாகரிகமும் ஓர் இயலாக இருந்தது. எல்லா இன மாணவரும் ஒரே வகுப்பில் அதைப் படித்தது பெரிய பேறு. 2019இல் அதன் இடத்தில் ‘அறவியலும் நாகரிகமும்’ என்ற பாடம் வந்தது.

பினாங்கின் கெலுகோரில் 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பவரும் இப்பொதுக் கல்விப் பாடங்களில் தேறியாக வேண்டும். அங்கு விருப்ப மொழிப் பாடங்களில் தமிழும் உண்டு. பிற இன மாணவர் நம் எழுத்தைக் கற்க நல்ல வாய்ப்பு.