பண்பலை வானொலியின் நிலைபேறு

புதுக்கருவி ஒன்று தோன்றிய அளவிலே பழங்கருவி மறைந்துவிடும் என்று கருதுவோர் பலர். வானொலி வரலாறு இக்கருத்தை முற்றும் ஒப்பவில்லை. உலகின் எம்மூலையிலுள்ள நிலையத்தையும் இணையத்தின் வழியே கேட்கக்கூடிய இந்நாளிலும், பண்பலை வானொலியும் அதனைப் பிரித்தெடுத்துத் தரும் டியூனர் என்னும் தனிக்கருவியும் வழக்கொழியவில்லை. இதன் காரணம் ஆராயத்தக்கது.

தோற்றம்

தொடக்ககால வானொலியில், ஒலிக்கேற்ப அலையின் வீச்சே மாற்றப்பட்டது. மின்னலும் மின்பொறிகளும் தாக்குவதும் அவ்வீச்சையே. ஆதலின் இசையோடு இரைச்சலும் கலந்து வந்தது. எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங் (1890-1954) என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் வேறு வழி கண்டார். வீச்சை மாற்றாது நிறுத்தி, அதிர்வெண்ணை மட்டும் ஒலிக்கேற்ப மாற்றினார். ஏற்கும் கருவி வீச்சிலுள்ள ஏற்றத்தாழ்வைக் களைந்துவிடும். இரைச்சலும் அதனுடன் பெரும்பாலும் நீங்கும். இம்முறைக்கு 1933 டிசம்பர் 26 இல் காப்புரிமை கிட்டியது. 1935 நவம்பரில் நியூயார்க் நகரில் வானொலிப் பொறியாளர்கள் முன்னிலையில் அவர் இதனை இயக்கிக் காட்டினார்.

ஆயினும் இதற்கு அகன்ற இடம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பழைய முறை நிலையங்களுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி போதும். பண்பலைக்கோ 200 கிலோஹெர்ட்ஸ். எனவே அது மிக உயர்ந்த அதிர்வெண்களை நாடிற்று. அத்தகைய அலைகள் தொடுவானத்தைத் தாண்டி நெடுந்தொலைவு செல்வதில்லை. ஊருக்கும் சுற்றுப்புறத்திற்கும் உரிய வானொலியாகப் பண்பலை வளர்ந்ததற்கு இதுவே அடிப்படை.

1945 இல் நேர்ந்த இடர்

1941 சனவரி முதல் நாள் தொடங்கி, 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் வணிக முறையில் பண்பலை ஒலிபரப்ப அமெரிக்க அரசு இசைந்தது. மக்களும் கருவிகளை வாங்கினர். 1945 இல் அதிகாரிகள் பண்பலையை 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதிக்கு மாற்றினர். இலட்சக்கணக்கான கருவிகள் பழுதேதும் இன்றியே பயனற்றுப் போயின. கருவி கெடவில்லை; அது கேட்கவேண்டிய அலையே இடம் மாறியது.

காப்புரிமை தொடர்பாக ஆர்.சி.ஏ. நிறுவனத்தின்மீது 1948 இல் ஆம்ஸ்ட்ராங் தொடுத்த வழக்கு நீண்டது. பொருளும் மனவுறுதியும் குன்றிய நிலையில் 1954 இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் தொடங்கிய போராட்டத்தை மனைவியார் மேரியன் தொடர்ந்து நடத்தி, இறுதி வழக்கிலும் 1967 இல் வென்றார்.

பழையதைப் போற்றிய புதுமை

1961 இல் அமெரிக்கப் பண்பலையில் ஸ்டீரியோ என்னும் இருவழி ஒலி புகுந்தது. அதனை வகுத்தோர் 1945 இன் பிழையைச் செய்யவில்லை. இடப்புற வலப்புற ஒலிகளைக் கூட்டி, முன்பிருந்த இடத்திலேயே அனுப்பினர். அவற்றின் வேறுபாட்டை மட்டும், செவிக்கு எட்டாத உயர்ந்த துணை அலையில் ஏற்றினர். புதுக்கருவி இரண்டையும் கொண்டு இருவழி ஒலி தந்தது. பழங்கருவி முன்போலவே முழு நிகழ்ச்சியையும் ஒருவழியில் தந்தது. எவரும் தம் கருவியை எறிய நேரவில்லை. 1960களில் செய்யப்பட்ட டியூனர், உறுப்புகள் நன்னிலையில் இருப்பின், பண்பலை ஒலிக்கும் ஊரில் இன்றும் பாடும்.

இணையத்தோடு ஒப்பீடு

1994 நவம்பர் 7 இல் அமெரிக்காவின் சாப்பல் ஹில் நகரிலுள்ள டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. என்னும் மாணவர் நிலையம் தன் ஒலிபரப்பை இணையத்திலும் விடுத்தது. நாட்டெல்லை கடந்து தாய்மொழி நிகழ்ச்சியைக் கேட்கும் பேறு இம்முறையால் வாய்த்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

எனினும் இரண்டின் அமைப்பும் வேறு. இணையத்தில் பொதுவாகக் கேட்போர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒலி அனுப்பப்படுகிறது; கேட்போர் பெருகப் பெருகச் சுமையும் பெருகும். பண்பலைக் கோபுரத்திற்கோ பதின்மர் கேட்பினும் பதினாயிரவர் கேட்பினும் செலவு ஒன்றே. இணைய ஒலி சில நொடிகள் பிந்தியும் வரும். மேலும், இணைய வானொலிப் பெட்டி பல, நிலையப் பட்டியலை எங்கோ உள்ள கணினியிலிருந்து பெறுவன. அத்தகைய பட்டியற் சேவை ஒன்று 2021 இல் மூடப்பட்டபோது, அதனை நம்பியிருந்த பெட்டிகள் தடுமாறின. 1945 இன் இடர் வேறு வடிவில் மீண்டது எனலாம்.

பண்பலைக்கும் அழியா வரம் இல்லை. நார்வே நாடு 2017 இல் தேசியப் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி, இலக்கமுறை வானொலிக்கு மாறியது. மாறாகச் சிங்கப்பூரில் 1999 இல் தொடங்கிய இலக்கமுறை வானொலி 2011 இல் நிறுத்தப்பட்டது, பண்பலையோ தொடர்ந்தது. அந்நாட்டுத் தமிழ் நிலையம் ஒலி 96.8 என்று தன் அலையெண்ணையே பெயராகக் கொண்டுள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆகவே டியூனரின் ஈர்ப்பைப் பழமைப் பற்று என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது. அலை வீசும்வரை, ஒருமுறை வாங்கிய கருவி எவருடைய இசைவையும் வேண்டாது பணிபுரிகிறது. அலையை நிறுத்துவதா, வளர்ப்பதா என்று முடிவு செய்வோர், வீட்டுக் கருவியைக் கேட்போரின் உடைமையாக மதித்தல் வேண்டும். 1945 உம் 1961 உம் உணர்த்தும் பாடம் அதுவே.